கூரையை முதலில் வரையுங்கள்: குமரி மாவட்டத்தில் வீடு திட்டமிடுகிறவர்களுக்கு

மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரத்துக்குப் பேருந்தில் போனால், வழி நெடுக ஒரு காட்சி கண்ணில் படும். நல்ல கான்கிரீட் வீடு, புதுப் பெயிண்ட், மொட்டை மாடி. அந்த மாடிக்கு மேல் இரும்புக் குழாய்களை நட்டு, தகர ஷீட் போட்ட இன்னொரு கூரை. கேட்டால் துணி காயப்போட என்பார்கள். பெரும்பாலும் காரணம் ஒழுக்குதான். ஒரே வீட்டுக்கு இரண்டு கூரை, இரண்டுக்கும் காசு.

தக்கலையில் நான் ஆர்க்கிடெக்டாக வேலை பார்க்கத் தொடங்கி 24 ஆண்டுகள் ஆகின்றன. நான் வரைந்த முதல் வீட்டுக்கும் அப்படித்தான் ஷீட் ஏறியது. ரப்பர் தோட்டத்துக்கு நடுவே 12 சென்ட் மனை. அறைகளை அழகாக அடுக்கினேன், வெளிச்சம் பார்த்தேன், காற்று பார்த்தேன், கடைசியில் மேலே ஒரு தட்டையான கூரையை வைத்து மூடினேன். தை மாதம் ரப்பர் இலை உதிரும் என்பது எனக்குத் தெரியாத செய்தியா? தெரியும். ஆனால் படம் வரையும்போது அது நினைவில் இல்லை. இலையெல்லாம் மாடியில் விழுந்து, தண்ணீர் போகும் துளையில் போய் மெத்தை போல அடைத்துக்கொண்டது. ஆனியில் சாரல் தொடங்கியதும் மாடி குளமானது. அந்த வீட்டு அம்மா கட்டிலை நகர்த்திவிட்டு, ஒழுகும் தண்ணீரைப் பிடிக்கப் படுக்கையறையில் மூன்று போணிப் பாத்திரங்களை வைத்திருந்தார். என்னை ஒரு சொல்கூடக் குறை சொல்லவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தார். அந்தக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை.

அந்த வீட்டுக்கு மேற்கூரை போட வந்த மூத்தாசாரிக்கு, அதாவது தலைமைத் தச்சருக்கு, அப்போதே அறுபத்தைந்து வயது இருக்கும். என் வரைபடத்தை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "மக்கா, படம் நல்லாத்தான் இருக்கு. மழ ஒனக்கப் படத்தப் பாத்துட்டா பெய்யும்?" என்றார். அதிலிருந்து நான் எந்த வீட்டுக்கும் அறைகளை முதலில் வரைந்ததில்லை. கூரையை வரைந்த பிறகுதான் அதற்குக் கீழே சுவர் வரும். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். சொந்தமாகத் திட்டமிடுகிறவர்களுக்கும், எங்களைப் போன்றவர்களிடம் வேலை கொடுக்கப் போகிறவர்களுக்கும் பயன்படும்.

மனையை மழையில் பாருங்கள்

மனை வாங்கியதும் மார்கழி, தை மாதத்தில் பூஜை போட்டு வேலையைத் தொடங்க ஆசைப்படுவார்கள். தொடங்கலாம், ஆனால் அதற்கு முன் ஒரு மழைக்காலத்தையாவது அந்த மண்ணில் நின்று பார்த்திருக்க வேண்டும். நமக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் மேற்கும் தென்மேற்குமாகச் சாய்ந்து அடிக்கும் சாரல் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து இடியோடு வரும் அடைமழை இன்னொன்று. விளவங்கோடு, கல்குளம் பக்கம் இரண்டுமே உண்டு. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் போனால் ஆடியில் மழையைவிடக் காற்றுதான் பெரிது. கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஒரே மாவட்டம்தான், ஆனாலும் குலசேகரத்து வீட்டுப் படத்தை அப்படியே தோவாளையில் கட்டக் கூடாது.

குடையோடு போய், மேல் தோட்டத்திலிருந்து தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, எங்கே தேங்குகிறது, கிணற்றில் எத்தனை உறை முங்குகிறது என்று பாருங்கள். நான் ஒரு நோட்டில் மனையின் நான்கு மூலைகளைக் குறித்து, தண்ணீர் ஓடும் திசையை அம்புக்குறியால் போட்டுக்கொள்வேன். செப்டிக் டேங்க் இடம் அந்த அம்புகளைப் பார்த்துத்தான் முடிவாகும். கிணற்றுக்குக் கீழ்ச்சரிவில், முடிந்த மட்டும் தள்ளி இருக்க வேண்டும். தென்னை எங்கே நிற்கிறது என்பதையும் குறியுங்கள். ஓட்டுக் கூரைக்குக் காற்றைவிடப் பெரிய எதிரி தேங்காய். அடுத்த வீட்டுத் தென்னை உங்கள் மனைக்குள் சாய்ந்திருந்தால் அதற்கும் ஒரு குறி.

மலையோரக் கிராமங்கள் சிலவற்றில் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி வேண்டும். கடலோரத்துக்குத் தனி விதிகள் உண்டு. படம் வரைவதற்கு முன்பே ஊராட்சியிலோ நகராட்சியிலோ கேட்டுவிடுவது நல்லது.

கொட்டாரத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள்

கொட்டாரம் என்று நாங்கள் சொல்லும் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பள்ளிச் சுற்றுலாவில் எல்லோரும் போயிருப்போம். வீடு கட்டப் போகிறவர்கள் இன்னொரு முறை போக வேண்டும், அதுவும் மழை நாளில். திங்கட்கிழமை விடுமுறை, மறந்துவிட வேண்டாம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் அது. இன்று தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் பராமரிப்பது கேரள அரசு.

முட்டைவெள்ளையும் சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் சேர்த்து மெழுகிய கருப்புத் தரையைப் பார்த்து வியப்பவர்கள் அதிகம். நான் அழைத்துப் போகிறவர்களைத் தாய்க்கொட்டாரத்து நாலுகெட்டில் உட்காரச் சொல்வேன். கொட்டாரத்திலேயே பழைய பகுதி அது. நான்கு பக்கத்துக் கூரையும் உள்முற்றத்தை நோக்கி இறங்குகின்றன. மழை பெய்யும்போது நான்கு திரையாகத் தண்ணீர் விழும். இரண்டு சரிவுகள் சந்திக்கும் உள்மூலையைக் கவனியுங்கள். இரண்டு கூரைகளின் தண்ணீரும் அந்த ஒரு கோட்டுக்குள் வந்து சேர்கிறது. மற்ற இடத்தில் சொட்டினால் அங்கே கொட்டுகிறது. கூரையில் முதலில் ஒழுகும் இடம் அதுதான். அதனால்தான் பழைய ஆசாரிகள் அந்த மூலைக்கு அடியில் அறை வராமல், முற்றமோ தாழ்வாரமோ வரும்படி அமைத்தார்கள். ஒழுகினாலும் நனைவது தாழ்வாரத் தரைதான்.

பிறகு மந்திரசாலைக்கு ஏறிப் போங்கள். மரச்சட்டங்களைச் சாய்த்து அடுக்கிய அந்தப் பலகணிகளுக்குப் பின்னால் நின்றால், வெளியே மழை அடித்துக்கொண்டிருக்கும், உள்ளே காற்று வரும், முகத்தில் ஒரு துளி விழாது. கண்ணாடி ஜன்னலைச் சாத்திவிட்டு மின்விசிறி போடும் நமக்கு அதில் கற்க நிறைய இருக்கிறது.

கூரைக் கணக்கு

இப்போது தாளை எடுத்துக்கொள்ளலாம். அறை எதுவும் வேண்டாம். கூரையின் குறுக்குவெட்டை மட்டும் வரையுங்கள்.

ஓட்டுக் கூரைக்கு மூத்தாசாரி எனக்குச் சொன்ன கணக்கு எளிது: மூன்றடி தள்ளிப் போனால் இரண்டடி ஏற வேண்டும். அதைவிடப் படுத்தால் சாரல் நாட்களில் காற்று, தண்ணீரை ஓட்டுக்கு அடியில் ஏற்றிவிடும். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டால் வீட்டின் அகலம் தானாகவே முடிவாகும். 30 அடி அகல வீட்டுக்கு நடுமுகடு என்றால், பாதி 15 அடி, ஏற்றம் 10 அடி. சுவருக்கு மேல் பத்தடி மரவேலை! செலவு தாங்காது, காற்றுக்கும் நல்லதில்லை. 18 அடி அகலமானால் பாதி 9, ஏற்றம் 6 அடி. கையடக்கமான கூரை. ஆகவே வீட்டைக் குண்டாகக் கட்டாமல், ஒல்லியாக நீளமாகக் கட்டுங்கள். மனை நீளம் போதாவிட்டால் ஒருமுறை மடக்கி, எல் வடிவமாக்கலாம். ஒரு மடக்குக்கு ஒரு உள்மூலை. இரண்டு உள்மூலைக்கு மேல் நான் வைப்பதில்லை. படத்தில் பார்க்க அழகாக இருக்கிறதென்று ஏழெட்டு முகடு வைத்து மடக்கி மடக்கிக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு மடக்கும் ஒவ்வொரு போணி.

அடுத்தது இறவாரம், சுவருக்கு வெளியே நீளும் கூரைப் பகுதி. ஆடிச் சாரல் 45 பாகையில் சாய்ந்து அடிக்கிறது என்று வையுங்கள், பல நாள் அப்படித்தான் அடிக்கும். சுவரின் உச்சி ஒன்பதரை அடி. அதிலிருந்து கூரையை மூன்றடி வெளியே நீட்டினால், சரிவில் இரண்டடி இறங்கி, இறவார விளிம்பு ஏழரை அடியில் நிற்கும். அந்த விளிம்பைத் தொட்டு வரும் மழை சுவரை நாலரை அடி உயரத்தில் அடிக்கும். அதற்குக் கீழே முழுதும் ஈரம். மூன்றடி உயரத்தில் ஜன்னல் படி வைத்தால் அந்த ஜன்னலை ஆடி முழுக்கத் திறக்க முடியாது.

அதே பக்கத்தில் ஐந்தடித் தாழ்வாரம் வைத்துப் பாருங்கள். தாழ்வாரப் பக்கத்துச் சுவரைப் பத்தடியாக உயர்த்தினால், கூரை மூன்றடி நாலு அங்குலம் இறங்கி ஆறடி எட்டு அங்குலத்தில் முடியும். ஆள் குனியாமல் நுழையலாம். சாரல் சுவரைத் தொடும் உயரம் ஒன்றே முக்கால் அடிக்கும் கீழே. தாழ்வாரத் தரை நனையும், சுவர் நனையாது, ஜன்னலும் திறந்தே இருக்கலாம். நம் மேற்குப் பகுதி வீடுகளில் தாழ்வாரம் மேற்கிலும் தெற்கிலும் வேண்டும் என்று நான் அடம் பிடிப்பது இதனால்தான். வாஸ்துக்காரர் வேறு திசை சொன்னால், வாசலை அவர் சொன்னபடி வையுங்கள், தாழ்வாரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

காற்றுக்கும் ஒரு வார்த்தை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது நான் பார்த்த வீடுகளில் ஓடு பறந்தது பெரும்பாலும் விளிம்பிலும் மூலையிலும்தான். காற்று இறவாரத்துக்கு அடியில் புகுந்து மேலே தூக்குகிறது. நடுவில் இருக்கும் ஓட்டைப் பக்கத்து ஓடுகள் பிடித்துக்கொள்ளும். ஓர ஓட்டுக்கு அந்தத் துணை இல்லை. அதனால் ஓர வரிசைகளில் ஒவ்வொரு ஓட்டையும் கம்பியால் பட்டியலோடு (ஓட்டைத் தாங்கும் மரச்சட்டத்தோடு) கட்டச் சொல்லுங்கள். உத்திரம் சுவரின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் கான்கிரீட் போடும்போதே கம்பி விட்டு, அதில் கொளுவ வேண்டும்.

சுண்ணாம்புப் பொடியும் வீட்டுப் பெண்களும்

கூரை முடிந்தால் அதன் கீழ் அறைகள் வரும். நான் இதைக் கணினியில் முடிப்பதில்லை. ஒரு மாதிரிப் படம் போட்டதும், மனையைச் சுத்தம் செய்து, கயிறு பிடித்து, சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் தரையிலேயே வரைவோம். பிறகு வீட்டுக்காரர்கள் எல்லோரையும் அதற்குள் நடக்கச் சொல்வேன். எல்லோரும் என்றால் வயதானவர்களும்தான்.

திருவட்டாறு பக்கத்தில் ஒரு வீடு. மகன் வளைகுடாவில் வேலை, பணம் அவருடையது, படத்தை வாட்ஸாப்பில் பார்த்து அவர் சம்மதித்துவிட்டார். அம்மாவை அழைத்து வந்து பொடிக்கோட்டுக்குள் நிறுத்தினேன். பேசாமல் அடுக்களைக்குள் போனார். ஒரு இடத்தில் குந்தி உட்கார்ந்தார். "இங்கின இருந்துதான் மீன் வெட்டணும். வெள்ளம் எங்க போவும்?" என்று கேட்டார். என் படத்தில் பளபளவென்று மேடை இருந்தது, சிங்க் இருந்தது, உட்கார்ந்து மீன் வெட்ட இடம் இல்லை. அடுக்களையை ஒட்டிய ஒர்க் ஏரியாவை மூன்றடி நீட்டி, சரிவான தரையும் வாய்க்காலும் வைத்து, தண்ணீர் நேரே வாழைக்குப் போகும்படி மாற்றினோம். அதற்கு ஆன செலவு ஒரு பொடிக்கோட்டை அழித்து வரைந்ததுதான். சுவர் எழுந்த பிறகு அந்தக் கேள்வி வந்திருந்தால்?

அடுக்களையில் நிற்கப் போகிறவரிடம் கடைசியாகக் கேட்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அது பொறுப்பதில்லை. அவர்தான் முதல் ஆள்.

கொத்தனாரும் ஆசாரியும் எப்போது வர வேண்டும்

படம் முடிவதற்கு முன்பே வர வேண்டும். படத்தைக் கையில் கொடுத்து ரேட் கேட்பது ஒரு முறை. படத்தை உட்கார்ந்து சேர்ந்து பார்ப்பது வேறு.

இதில் எனக்கு வழிகாட்டி ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர். 1917-இல் பர்மிங்ஹாமில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, பித்தோராகரிலும் வாகமண்ணிலும் வாழ்ந்து, கடைசியில் திருவனந்தபுரத்தில் குடியேறி 2007-இல் மறைந்தவர். பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் உருவாக்கிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் அவர் கட்டியது. திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதியில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். அதைவிட எளிது, தம்பானூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தியன் காபி ஹவுஸ். நாகர்கோவிலிலிருந்து போகிற எத்தனையோ பேர் அந்தச் சுருள் கட்டடத்தில் ஏறி உட்கார்ந்து காப்பி குடித்திருப்பார்கள். அடுத்த முறை செங்கலை இடைவெளி விட்டு அடுக்கிய அந்தச் சுவரில் காற்று எப்படி வருகிறது என்று பாருங்கள். பேக்கர் கையில் கிடைத்த தாளில் வரைவார், கட்டுமிடத்தில் நின்று கொத்தனாரோடு பேசி மாற்றுவார். படிக்கும் காலத்தில் அதை ஒரு பெரியவரின் விசித்திரப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். அவருக்கு வேண்டியது கொத்தனாரின் கை அறிவு என்று பிறகுதான் விளங்கியது.

அவர் பரப்பிய ராட் டிராப் கட்டை நான் அதிகம் பயன்படுத்துகிறேன். செங்கலைப் படுக்க வைக்காமல் நெட்டுக்கு நிறுத்தி, நடுவில் மூன்று அங்குல வெற்றிடம் விட்டுக் கட்டுவது. சுவர் அதே ஒன்பது அங்குலம்தான், செங்கல் கால் பங்கு மிச்சம், வெற்றிடத்தால் வெயில் உள்ளே இறங்கத் தாமதமாகும். ஆனால் இரண்டு நிபந்தனை. செங்கல் ஒரே அளவாக இருக்க வேண்டும். லோடு இறக்கும்போதே பத்துக் கல்லை வரிசையாக நிறுத்தி அளந்து பாருங்கள், கோணல் என்றால் திருப்பி அனுப்புங்கள். அடுத்தது வயரிங். ஒவ்வொரு சுவிட்ச் பாயிண்டும் முன்பே முடிவாகி, குழாய் அந்த வெற்றிடத்துக்குள் போக வேண்டும். பிறகு சுவரை வெட்டினால் கட்டு கெடும். எலக்ட்ரீஷியனையும் ஆரம்பத்திலேயே கூப்பிட வேண்டியது இதற்காக. அடி வரிசை, ஜன்னல் படிக்குக் கீழ் வரிசை, லிண்டலுக்குக் கீழ் வரிசை, கதவு ஜன்னல் ஓரங்கள் இவை வெற்றிடம் இல்லாமல் கெட்டியாக இருக்கட்டும்.

முதன்முதலில் இதைச் செய்யச் சொன்னபோது எங்கள் கொத்தனார் அண்ணன் சம்மதிக்கவில்லை. "பொள்ளையா கெட்டுனா ஆளுவ என்னத் திட்டுவாவ" என்றார். நான் விவாதம் செய்யவில்லை. ஒரு நாள் கூலி கொடுத்து, மனையின் ஓரத்தில் மூன்றடிக்கு மூன்றடி மாதிரிச் சுவர் ஒன்று கட்டச் சொன்னேன். முதல் வரிசை கோணியது. பிரித்தார். கரண்டியில் சாந்தைக் குறைத்து எடுத்து, கல்லின் விளிம்பில் மட்டும் தடவி, வெற்றிடத்துக்குள் சாந்து விழாமலிருக்க ஒரு மரப்பட்டையை நடுவில் வைத்துக்கொண்டார். வரிசை முடிந்ததும் பட்டையை மேலே உருவினார். அந்த யோசனை எந்தப் பாடத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. சாயங்காலம் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார், சுவர் நூல் பிடித்தது போல நின்றது. மாதிரிச் சுவருக்கு ஒரு நாள் கூலி செலவழிக்கத் தயங்காதீர்கள்.

ஆசாரி கதை வேறு. மரம் முதலில், படம் பிறகு. உங்கள் தோட்டத்திலேயே பலாவோ அயனியோ நிற்கிறது என்றால், படம் வரையும் முன்பே மூத்தாசாரியை அழைத்து மரத்தைக் காட்டுங்கள். எவ்வளவு நீள உத்திரம் கிடைக்கும் என்று அவர் சொல்வார். அந்த நீளத்துக்குள் அறையை வரைவது என் வேலை. அறுத்த மரம் காய நாள் வேண்டும். அவசரத்தில் பச்சை மரத்தில் கதவு நிலை செய்தால் அடுத்த பங்குனியில் இடைவெளி காட்டும். இன்னொன்று, பழைய ஆசாரிகள் கோல், விரல் கணக்கில் பேசுவார்கள். 24 விரல் ஒரு கோல், ஏறக்குறைய 72 சென்டிமீட்டர். நான் என் படத்தில் அடிக்குப் பக்கத்திலேயே கோல் அளவையும் எழுதிவிடுவேன். அவர் மனதில் மாற்றிக் கணக்குப் போடும்போது வரும் பிசகு இதனால் நின்றது. அதோடு, தன் அளவில் எழுதிய படத்தை அவர் தன் படமாகவே பார்த்தார்.

குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்தில் கட்டுகிறவர்கள் கான்கிரீட்டைக் கவனியுங்கள். உப்புக்காற்று கம்பியைத் தின்னும். கம்பிக்கு வெளியே கான்கிரீட் தடிப்பு குறைந்தால் சில ஆண்டுகளில் துரு பொங்கிப் பெயர்ந்து விழும். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியை உயர்த்திப் பிடிக்கும் சிறு கட்டை) வைத்திருக்கிறார்களா என்று கான்கிரீட் போடும் நாள் காலையில் நீங்களே குனிந்து பாருங்கள். கடல் மணல் ஒரு சட்டிகூட வேண்டாம்.

முதல் மழை நாள்

ஓடு மேய்ந்து முடிந்ததும் உடனே அடியில் மச்சு (உட்கூரை) அடிக்காதீர்கள். கடைசித் தவணையையும் கொடுக்காதீர்கள், வேலைக்காரர்களிடம் இதை முதலிலேயே சொல்லி ஒப்புக்கொள்ள வையுங்கள். ஒரு நல்ல மழைக்குக் காத்திருங்கள். மழை வந்ததும் டார்ச் லைட்டும் சாக்கட்டியும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போங்கள். பகலென்றாலும் டார்ச் வேண்டும், ஓட்டின் அடிப்பக்கத்து ஈரம் அதில்தான் பளிச்சென்று தெரியும். சொட்டு விழும் இடத்தைத் தரையில் வட்டம் போடுங்கள், ஆனால் ஒழுக்கு அதற்கு நேர் மேலே இருக்காது. தண்ணீர் பட்டியலைப் பிடித்துக்கொண்டு சரிவில் கொஞ்ச தூரம் ஓடி வந்துதான் சொட்டும். டார்ச்சை மேல்நோக்கி, சரிவின் ஏற்றத்தில் நகர்த்திக்கொண்டே போனால் ஈரக்கோடு தொடங்கும் ஓடு அகப்படும்.

போன ஆனியில் வேர்க்கிளம்பி பக்கம் ஒரு வீட்டில் இப்படித்தான் நின்றோம். மூத்தாசாரிக்கு இப்போது தொண்ணூறு நெருங்குகிறது, மகன் பைக்கில் அழைத்து வந்திருந்தார். உள்மூலைக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்து, அரை மணி நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஊன்றுகோலை உயர்த்தி ஒரு ஓட்டைக் காட்டினார். "அந்தா, மூணாமத்த வரி. தள்ளு மக்கா." மகன் ஏணியில் ஏறி, அந்த ஓட்டை உள்ளிருந்தே அரை அங்குலம் மேலே தள்ளினார். சொட்டு நின்றது. மூத்தாசாரி இன்னொரு கால் மணி நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.